எழுபது வளைவிலிருந்து பனிமலைச் சாலை வரை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலை, காரவள்ளி வரை சமவெளியிலேயே ஓடுகிறது. அதுவரை வேனுக்குள் பேச்சும் சிரிப்பும் குறைவதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டதும், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பின் இருக்கையில் ஒருவர் பேச்சை நிறுத்திவிடுவார். பெரும்பாலும் அவர் அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி. சில சமயம், வீட்டில் அனைவரையும் அதட்டி வைத்திருக்கும் பெரியவராகவும் இருப்பதுண்டு. முன் இருக்கையின் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் பார்க்காமல், உதடுகள் மட்டும் அசைய அவர் அமர்ந்திருப்பார்.

ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. மொத்தம் எழுபது வளைவுகள். அஞ்சுகிறவருக்கு இந்தப் பலகைகள் ஆறுதலா, வேதனையா என்று சொல்வது கடினம். பத்தைக் கடந்துவிட்டோம் என்ற நிம்மதி, இன்னும் அறுபது பாக்கி இருக்கிறதே என்ற கணக்கில் கரைந்துவிடும். பாதி வழியில், “கண்ணு, கொஞ்சம் மெதுவாப் போ சாமி” என்ற குரல் எழும். “ஒண்ணும் ஆகாதுங்க ஆத்தா, தினமும் ஏறி எறங்கற ரோடுதாங்க” என்பார் ஓட்டுநர். வண்டியில் இருக்கும் இளையவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

இத்தனை அச்சத்தோடும் ஏன் ஏறுகிறார்கள் என்றால், மேலே அறப்பளீஸ்வரர் இருக்கிறார். தேவாரத்தில் வைப்புத் தலமாகக் குறிக்கப்படும் திருத்தலம் அது. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தின் நாயகரும் அவரே. அன்னை அறம் வளர்த்த நாயகி. கோயிலுக்கு அருகே ஓடும் ஐயாற்றின் மீன்களுக்கு உணவிட்ட பிறகே பக்தர்கள் இறைவனைத் தரிசிக்கச் செல்வது வழக்கம். அறுத்துச் சமைக்க முற்பட்ட மீன் மீண்டும் உடல் பொருந்தி நீரில் துள்ளி ஓடியதாக ஐதிகம். அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. எட்டுக்கை அம்மனும் மாசி பெரியசாமியும் இதே மலையில்தான் அருள்பாலிக்கிறார்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை என்பதால், ஆடிப்பெருக்கை ஒட்டி அவன் பெயரில் விழாவும் நடக்கிறது. அந்நாள்களில் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை வண்டிகள் வரிசை கட்டி ஏறும். முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு சாலையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு. அஞ்சுகிறவர்கள் அதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவர்களுக்கு மலைச்சாலை ஒன்றும் புதிதன்று. சேலத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை தெரியும். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சேர்வராயன் குகைக்கோயில் கொண்டிருக்கும் சிகரம். திருச்செங்கோட்டில் அர்த்தநாரீஸ்வரரைச் சேவிக்கப் படி வழியும் உண்டு, மலையைச் சுற்றி ஏறும் சாலையும் உண்டு. சமவெளியில் வீடும் வயலும், குன்றின் மேல் குலதெய்வமும் என்று அமைந்துவிட்ட நாடு இது. ஆண்டுக்கு ஒரு முறையாவது மலை ஏறியே ஆக வேண்டும்.

இந்த நாட்டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இந்தியாவின் சாலைகளில் ஓடும் லாரிகளில் கணிசமானவை கூண்டு கட்டப்படுவது நாமக்கல்லில். சமையல் எரிவாயு டேங்கர்கள் இங்கிருந்து இயங்குகின்றன. சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் செல்லாத மாநிலம் இல்லை. சேலத்து ஜவ்வரிசி வட மாநிலங்களின் விரத நாள் உணவாகப் போய்ச் சேர்வது இந்த லாரிகளில்தான். ஆகவே இப்பகுதியில் பல வீடுகளில் மலைச்சாலை அச்சம் இரண்டு வகை. கோயிலுக்குப் போகும்போது வண்டிக்குள் அமர்ந்து அஞ்சுவது ஒன்று. கணவரோ மகனோ எங்கோ ஒரு மலையில் லாரியை ஏற்றிக்கொண்டிருக்கையில், வீட்டு வாசலில் அமர்ந்து அஞ்சுவது மற்றொன்று. இரண்டாவதை அறிந்த பெண்மணியைப் பார்த்து, முதலாவதற்காகச் சிரிப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

வண்டி ஓட்டுகிறவருக்கு வராத தலைச்சுற்றல் அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஏன் வருகிறது? உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பு, உடல் இடமும் வலமுமாகத் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. கண்களோ வண்டிக்குள் அசையாமல் இருக்கும் இருக்கையையும் கம்பியையும் காட்டுகின்றன. இந்த இரு செய்திகளும் முரண்படுவதே குமட்டலுக்குக் காரணம் என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஓட்டுநருக்கு அடுத்த நொடியில் வண்டி எப்பக்கம் திரும்பும் என்பது முன்னதாகவே தெரியும். அவர் உடல் அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஒரே அசைவுக்கு இருவரை உள்ளாக்கி, ஒருவர் கையில் மட்டும் கட்டுப்பாட்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1991-இல் வெளியானது. கட்டுப்பாடு கையில் இருந்தவருக்குக் குமட்டல் குறைவாகவும், சும்மா அமர்ந்திருந்தவருக்கு அதிகமாகவும் இருந்தது. ஆகவே பின் இருக்கையில் வெளிறிப்போய் அமர்ந்திருப்பவர் கோழை அல்லர். கையில் ஸ்டியரிங் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கான பரிகாரங்கள் எளியவை. முன் இருக்கையைக் கொடுக்க வேண்டும். தொலைவில் தெரியும் சாலையையோ மலை முகட்டையோ பார்க்கச் சொல்ல வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும், முழுப் பட்டினியாக ஏறுவதும் கூடாது. இரண்டு இட்லி போதும். இஞ்சி மொரப்பாவும் எலுமிச்சம்பழமும் பாட்டிமார் காலத்திலிருந்து பையில் இருப்பவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை இருந்தால் அதை அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே விழுங்க வேண்டும். பத்தாவது வளைவில் வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும்.

பக்தர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலை ஏறும்போது விஷ்ணு சஹஸ்ரநாமத்தையோ கந்த சஷ்டி கவசத்தையோ புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படிப்பவருக்குக் குமட்டல் விரைவாக வரும். கைப்பேசித் திரையில் பார்த்துப் படித்தாலும் அப்படியே. மனப்பாடமாகச் சொல்கிறவருக்கு அந்தத் தொல்லை குறைவு. கண்கள் சாலையின் மேல் இருக்கும், வாய் நாமத்தின் மேல் இருக்கும். ஒரே சீராக நாமம் சொல்லும்போது மூச்சும் சீராகிறது. ஜெபமாலை வேண்டுதலும் மந்திர உச்சாடனமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்படுத்துவதை இத்தாலிய மருத்துவர்கள் அளந்து, 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கொல்லிமலை ஏறும் மூதாட்டி இதைப் படித்ததில்லை. முருகா முருகா என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பது அவருடைய நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கத்தான் செய்கிறது.

ஆனால் நாமம் சொல்வதோடு நின்றுவிடாமல் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் அவசியம். ஏனெனில், மலைச்சாலையில் அஞ்சுகிற பெரும்பாலோர் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சி, அஞ்ச வேண்டிய இடத்தில் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி திணறுகிறது, வளைவில் ஏறக்குறைய நின்றே விடுகிறது. பயணிக்கு உயிர் போகிறது. உண்மையில் அதுவே பாதுகாப்பான பாதி. வேகம் குறைவு, பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பி வரும்போது தரிசனம் முடிந்த நிறைவு, பலாப்பழமும் மிளகும் வாங்கிய மகிழ்ச்சி, வயிற்றில் சாப்பாடு. வண்டி ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இனிமையாக இருக்கிறது என்று எல்லோரும் கண் அயர்கிறார்கள். அபாயம் அந்த ஓசையின்மையில் இருக்கிறது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அதனால்தான் உறுமல் கேட்கும். எரிபொருள் மிச்சமாகட்டும் என்று உயர்ந்த கியரிலோ நியூட்ரலிலோ விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், வளைவுக்கு வளைவு பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டித் தானாக ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றுவது தவறு. ஆகவே இறங்கும்போது எஞ்சின் உறுமினால் பயணி நிம்மதியாக இருக்கலாம். உறுமல் நின்றால், “தம்பி, கியர்ல எறக்கு” என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் ஆத்தாவைப் பார்த்து எந்த நல்ல ஓட்டுநரும் சிரிக்க மாட்டார்.

ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற வழக்கம் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் விதியாகவே இருக்கிறது. அந்த விதியை மதித்து ஒதுங்கி நிற்கும் ஓட்டுநரிடம், “என்னப்பா நிக்கற, போப்பா” என்று அவசரப்படுத்துகிறவர்கள் வண்டிக்குள் அமர்ந்திருக்கும் பக்தர்களே. இருட்டிய பிறகு இறங்குவது, அதிகாலை மூன்று மணிக்கு ஊரில் புறப்பட்ட ஓட்டுநரையே இரவு பத்து மணிக்கும் ஓட்டச் செய்வது ஆகியவையும் அவ்வாறே. பள்ளத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள், ஓட்டுநரின் கண்கள் சிவந்திருப்பதைக் கண்டு அஞ்சுவதில்லை. பள்ளம் எப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது; மாறுவது ஓட்டுநரின் கண்.

கொல்லிமலையில் கற்ற இந்தப் பாடம் கைகொடுக்கும் இடம், இமயமலை. அங்கே வளைவுகளுக்கு எண் போட்டு முடியாது.

நாமக்கல்லுக்கும் இமயத்துக்கும் இடையே ஐதிகம் ஒரு பாலம் கட்டி வைத்திருக்கிறது. நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து சாளக்கிராமம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்த ஆஞ்சநேயர், வழியில் கமலாலயத்தில் நீராட எண்ணி, அங்கே தவமியற்றிக்கொண்டிருந்த திருமகளிடம் அதைக் கொடுத்துச் சென்றார். அவர் குறித்த நேரத்தில் திரும்பாததால் தாயார் அதைக் கீழே வைத்துவிட, அதுவே வளர்ந்து நாமகிரியாயிற்று என்பது தல வரலாறு. குன்றைக் குடைந்த சந்நிதியில் நரசிம்மர். எதிரே கூரையில்லாத வெட்டவெளியில், பதினெட்டு அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர். நாமக்கல் குன்றே பனிமலைப் பகுதியிலிருந்து வந்த கல் என்று நம்புகிறவர்களுக்கு, அந்தக் கல் புறப்பட்ட இடத்தைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற திவ்ய தேசம், கண்டகிக் கரையில் உள்ள முக்திநாத் என்று போற்றப்படுகிறது. வதரியாச்சிரமம் பத்ரிநாத். கண்டமென்னும் கடிநகர் தேவப்பிரயாகை. திருப்பிரிதியை ஜோஷிமடம் என்பார்கள்.

இந்த யாத்திரைக்கு நேரமும் பணமும் கூடி வருவது பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த பிறகே. மகளுக்குத் திருமணம் முடிந்து, வீட்டுக் கடன் அடைந்து, ஓய்வூதியம் வரத் தொடங்கியபின் மனம் பத்ரியை நினைக்கிறது. உடல் அஞ்சத் தொடங்குவதும் சரியாக அதே வயதில்தான்.

ரிஷிகேசத்திலிருந்து பத்ரிநாத் சுமார் முந்நூறு கிலோமீட்டர். சேலத்திலிருந்து சென்னை போவதைவிடச் சற்றுக் குறைவுதான் என்று எண்ணிப் புறப்படுகிறவர்கள், முதல் நாள் மாலையிலேயே கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள். சாலை ஒரு பக்கம் மலையைச் செதுக்கி அமைந்தது. மறுபக்கம் நேர் கீழே கங்கை. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் கூடுமிடத்தைக் கண்டபின், அலகநந்தாவின் கரையோடு ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஏறிச் செல்ல வேண்டும். 2016-இல் தொடங்கப்பட்ட சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டத்தால் பல இடங்களில் சாலை அகலமாகியிருக்கிறது. ஆயினும் மலை இளமையானது. மழைக்காலத்தில் சரிந்துகொண்டே இருக்கும். 2013 ஜூன் மாதத்துப் பெருவெள்ளத்தில் கேதார்நாத்தில் நேர்ந்ததை யாரும் மறக்கவில்லை. 2023 தொடக்கத்தில் ஜோஷிமடத்தில் நிலம் அமிழ்ந்து வீடுகளில் விரிசல் விழுந்ததையும் நாளேடுகளில் படித்தோம்.

வாடகை வண்டிகளுக்கு அங்கே தனி அனுமதிச் சீட்டு உண்டு. மலைச்சாலையில் ஓட்டுவதற்கான தகுதிக் குறிப்பு ஓட்டுநர் உரிமத்தில் இருக்க வேண்டும். இரவில் யாத்திரை வண்டிகளை விடுவதில்லை. சமவெளி வண்டியையும் நெடுஞ்சாலை ஓட்டுநரையும் ஊரிலிருந்தே அழைத்துச் செல்ல விரும்புகிறவர்கள் உண்டு. நம்ம ஊர்ப் பையன் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். நாமக்கல் ஓட்டுநரின் திறமையில் ஐயமில்லை. ஆனால் நிலச்சரிவுக்கு முன் மலையிலிருந்து சிறு கற்கள் உதிர்வதைக் கண்டு வண்டியை நிறுத்தத் தெரிந்தவர், அந்தச் சாலையிலேயே வளர்ந்த கட்வாலி ஓட்டுநர். ரிஷிகேசத்தில் உள்ளூர் வண்டி எடுத்துக்கொள்வது விவேகம்.

ஜோஷிமடத்தில் ஓர் இரவு தங்குவதும் விவேகமே. அவ்வூர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். இடையில் 45 கிலோமீட்டர்தான். அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் எழுபது விழுக்காடாகக் குறைந்துவிடும். தலைவலி, தூக்கமின்மை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவை பலருக்கும் வரும். (தண்ணீரும் தொண்ணூறு டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால், சமையல்காரரோடு செல்லும் குழுக்கள் குக்கர் இல்லாமல் சோறு வடிக்க முயன்று தோற்பது வாடிக்கை.) சாலையைக் கண்ட அச்சத்தால் நெஞ்சு அடைக்கிறதா, உயரத்தால் அடைக்கிறதா என்று அஞ்சுகிறவருக்கே தெரியாது. எல்லாம் பயம்தான் என்று பிறர் ஒதுக்கிவிடுவது பெருந்தவறு. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது.

ஜோஷிமடத்தில் நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். நாமக்கல்காரர்களுக்குச் சொந்த ஊர் சுவாமியைப் பனிமலையில் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி. அந்த மூர்த்தியின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்து வருவதாகவும், அது முற்றிலும் பிரியும் நாளில் மலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பத்ரிக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும் என்றும், பிறகு பவிஷ்ய பத்ரியில் இறைவனை வழிபட நேரும் என்றும் அங்குள்ளோர் நம்புகிறார்கள். வழி என்றும் திறந்திருக்கும் என்று அந்த மலைவாசிகள் ஒருபோதும் எண்ணியதில்லை என்பதை இந்த ஐதிகம் காட்டுகிறது. மேலே செல்லும் வழியில், பத்ரிக்குச் சிறிது முன்பு, அனுமான் சட்டி. வண்டிகள் அங்கே நின்று வணங்கிவிட்டே கடைசி ஏற்றத்தைத் தொடங்குகின்றன. காரவள்ளியில் கற்பூரம் ஏற்றியவர்களுக்கு இது பழகிய காட்சி. நடை திறந்த புதிதில் செல்கிறவர்களுக்கு, வெட்டி ஒதுக்கிய பனி சாலையின் இருபுறமும் சுவராக நிற்கும்.

பனியைக் கண்டதும் சமவெளிக்காரர் அஞ்சுவது, வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் பனியைக் கண்டு. அதுவும் இடம் மாறிய அச்சமே. பகல் வெயிலில் உருகிச் சாலையில் வழிந்த நீர், இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடி போலப் படிந்திருக்கும். பார்வைக்கு ஈரத் தார்ச்சாலை போலவே தெரியும். அதன் மேல் சக்கரம் உருளாது, வழுக்கும். பிரேக்கை அழுத்த அழுத்த இன்னும் வழுக்கும். அதிகாலையில் புறப்பட்டுவிடலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் பனிச்சாலையில் எடுபடாது. சற்று வெயில் ஏறியபின் செல்வதே வழக்கம். கடும்பனியில் சக்கரத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி மாட்டி ஓட்டுகிறார்கள். எல்லைச் சாலை அமைப்பினர் இயந்திரத்தால் பனியை வெட்டி வழி திறந்து, நிலைமை பார்த்து வண்டிகளை விடுவார்கள். 1960-இல் தோன்றிய அந்த அமைப்பின் தொழிலாளர்கள் சாலையோரத் தகரக் கொட்டகைகளில் தங்கிப் பணியாற்றுவதைக் காணும் யாத்ரீகர்கள், மிஞ்சிய புளியோதரையை அவர்களோடு பகிர்ந்துகொண்டு போகலாம்.

பனி மூடிய கணவாய்களையே வாழ்வில் ஒரு முறை கடக்க நேர்வது, அமர்நாத் அல்லது கயிலாயம் செல்கிறவர்களுக்கு. அமர்நாத்துக்கான பால்தல் முகாம், 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜிலா கணவாயின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே செல்லும் சாலையில் சோன்மார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. கணவாயின் கீழே 13 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இன்னொரு சுரங்கத்தைக் குடைந்து வருகிறார்கள். மணாலியிலிருந்து செல்வோர் முன்பு 3,978 மீட்டர் உயரத்தில் ரோதாங் கணவாயில் ஏறி இறங்கியாக வேண்டும். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் அந்த ஏற்றத்தை இல்லாமலாக்கிவிட்டது. கயிலாய யாத்திரைக்குச் சிக்கிமின் நாதுலா கணவாய் வழி 2015-இல் திறக்கப்பட்டது. இடையில் நின்று, 2025-இல் மீண்டும் தொடங்கியது. உயரம் 4,310 மீட்டர். நடக்க இயலாத முதியோருக்கு இந்த வழி ஒரு வரம். வண்டியிலேயே கணவாயைக் கடக்கலாம். ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் அறுபது விழுக்காடே.

இனி அந்தச் சிரிப்பு.

பயண ஏற்பாட்டாளரின் பட்டியலில் நான்கு தாமங்களும் இத்தனை நாளில் என்று அச்சிட்டிருக்கும். மழையால் ஒரு நாள் வீணானால், அதை ஈடுகட்ட வண்டி விரைகிறது. அந்த வேளையில், “எனக்குப் பயமா இருக்கு, மெதுவாப் போகச் சொல்லுங்க” என்று ஒருவர் மட்டும் சொல்கிறார். மற்றப் பத்துப் பேருக்கும் அதே அச்சம் உள்ளூர இருக்கும், சொல்ல வெட்கம். சொன்னவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் அடுத்த முறை சொல்ல மாட்டார். பிறகு அந்த வண்டியில் ஓட்டுநரை நிதானிக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. ஒரு குழு ஊரிலிருந்து புறப்படும் முன்பே, யார் சொன்னாலும் வண்டி நிற்கும், காரணம் கேட்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்வது எந்தக் காப்பீட்டையும்விட மேல். பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கையிருப்பாக ஒதுக்கி வைப்பதும் அப்படியே. செலவாகாமல் மிஞ்சினால் ஹரித்துவாரில் இன்னொரு மாலை கங்கை ஆரத்தி கிடைக்கும்.

ஜோஷிமடம் வரை வந்துவிட்டு, “என்னால முடியலைங்க, நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிடும் முதியவர்களும் உண்டு. இத்தனை தூரம் வந்தாயிற்றே, செலவழித்தாயிற்றே என்று குடும்பம் வற்புறுத்தும். வற்புறுத்தி அழைத்துச் சென்றால் ஒருவேளை நல்ல தரிசனம் கிடைக்கும். ஒருவேளை இரவு முழுதும் மூச்சுத் திணறல் கிடைக்கும். முன் இருக்கை, பகல் பயணம், மருத்துவரின் ஆலோசனை எல்லாம் செய்து பார்த்தபின்னும் அவர் வேண்டாம் என்றால், உடன் ஒருவர் தங்கிக்கொள்ள, நரசிம்மர் சந்நிதியிலேயே அவரை விட்டுவிட்டுப் போவது தவறாகாது. அதுவும் ஆழ்வார் பாடிய தலமே. அவரை ஊர் திரும்பியபின் உறவினர் முன்னிலையில் கேலி செய்யாதிருந்தால் போதும்.

பத்ரிநாத்தில் ராவல் எனப்படும் தலைமை அர்ச்சகர் கேரளத்து நம்பூதிரி. பனியே காணாத தென்னாட்டிலிருந்து சென்று அங்கே பூஜை செய்கிறவர். அவரும் ஆண்டு முழுதும் அங்கே இருப்பதில்லை. தீபாவளிக்குப் பின் நவம்பரில் நடை சாத்தப்படுகிறது. உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமடத்து நரசிம்மர் கோயிலுக்கு இறங்கி வருகிறது. ஆறு மாதம் மானிடர் பூஜை, ஆறு மாதம் தேவர் பூஜை என்பது அங்குள்ள மரபு. அந்த ஆறு மாதமும் பக்தர்கள் ஜோஷிமடத்திலும் பாண்டுகேசுவரத்திலும் தரிசனம் செய்கிறார்கள்.

நடை சாத்தும் நாளை விஜயதசமியன்றும், மீண்டும் திறக்கும் நாளை வசந்த பஞ்சமியன்று நரேந்திர நகர் அரண்மனையிலும் அறிவிப்பார்கள். திறப்பு பெரும்பாலும் ஏப்ரல் இறுதி அல்லது மே மாதத்தில் அமையும். யாத்திரைக்கு முன்பதிவு கட்டாயம். முதியோரை அழைத்துச் செல்கிறவர்கள், திறந்த முதல் இரு வாரங்களின் பனியையும் நெரிசலையும், ஜூலை, ஆகஸ்டின் மழையையும் தவிர்த்துச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ சீட்டு எடுத்தால், சாலை பெரும்பாலும் காய்ந்திருக்கும். அதற்கு முன்னோட்டமாக, ஆடிப்பெருக்கின் நெரிசல் இல்லாத ஒரு வாரநாளில், முன் இருக்கையில் அமர்த்திக் கொல்லிமலைக்கு ஒரு முறை கூட்டிச் சென்று வரலாம். அறப்பளீஸ்வரரைத் தரிசித்து மாலை நான்கு மணிக்குள் இறங்கத் தொடங்கினால், வெளிச்சம் இருக்கும்போதே காரவள்ளிக்கு வந்துவிடலாம்.